முகாமில் பிறந்த பையனுக்கு எந்த ஊர் ஏக்கம்?

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாமில் வளரும் பிள்ளைகளை வைத்து எழுதப்படும் கதைகளில் பத்து வரிக்குள் ஒரு பனைமரம் வந்துவிடுகிறது. பதினாறு வயதுப் பையன் கடற்கரையில் நின்று அக்கரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். அவன் பிறந்தது மண்டபம் முகாமில், படிப்பது கும்மிடிப்பூண்டியில். கண்ணால் காணாத ஊருக்காக அவன் ஏன் இவ்வளவு உருக வேண்டும்? அந்த ஏக்கம் அவனுடைய அம்மம்மாவுக்குச் சொந்தம். அதைப் பிடுங்கிப் பேரன் தலையில் கட்டுவதுதான் இந்தக் கதைகளின் முதல் கோளாறு. பையனின் சிக்கல் கடலுக்கு அப்பால் இல்லை. அவன் நிற்கிற மண்ணிலேயே, எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறான் என்பதில் இருக்கிறது.

எனவே எழுத உட்காருமுன் பாத்திரத்தின் பிறந்த தேதியை முடிவு செய்யுங்கள். வருடம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தால் அதுவும் போதாது. பெற்றோரில் மற்றொருவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் இந்தியக் குடிமகள்தான் என்றது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அதே வீட்டில் 1988இல் ஒரு தம்பி பிறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாய், ஒரே கொட்டகை, ஒரே பள்ளிக்கூடம், ஆனால் சட்டத்தின் கணக்கில் அக்கா இந்தியர், தம்பி இல்லை. இதற்கு மேல் எந்தப் பனைமரத்தை நட வேண்டும்?

காதல் கதை எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஐந்து வயதில் படகில் வந்த பெண் உள்ளூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டால் ‘சுபம்’ போட்டுவிடுகிறோம். 2004க்குப் பிறகு அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை, அப்பா இந்தியர் என்பதால் மட்டும் இந்தியக் குழந்தை ஆகிவிடாது; படகில் வந்த அம்மா சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று கருதப்படலாம். கதையே சுபத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சரி, இந்தியா இல்லை என்றால் இலங்கை தானாக ஏற்றுக்கொள்ளுமா? அதுவும் இல்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை இலங்கைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இலங்கையர் என்பதற்கான ஆவணம் எல்லாம் வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்களில் எத்தனை பேர் அதையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்திருப்பார்கள்? அம்மாவின் தொலைந்துபோன பிறப்புப் பத்திரம் கதையில் ஒரு பாத்திரமாகவே நடமாடலாம்.

அடுத்தது குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது. முகாம் என்றாலே யாழ்ப்பாணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மன்னார், வவுனியா, திருகோணமலை, முல்லைத்தீவுக் குடும்பங்கள் இருக்கின்றன. மலையகக் குடும்பங்களும் கணிசமாக இருக்கின்றன. இவர்களுடைய கதை தனி. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டுத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அங்கே அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று தலைகளைப் பங்கிட்டார்கள். பிறகு கலவரங்களில் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று நகர்ந்து, அங்கும் நிற்க முடியாமல் படகேறி, தாத்தா பிறந்த மாவட்டத்திலேயே அகதியாக இறங்கியவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண் தாத்தாவின் ஊருக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் அந்த ஊர் அவளுடையது என்று சொல்ல அவளிடம் காகிதம் இல்லை. இப்படிப்பட்டவர்கள் குடியுரிமை கேட்டுப் போட்ட வழக்கில் 2019இல் மதுரைக் கிளை அவர்கள் பக்கம் பேசியது. தீர்ப்பு வந்த மறுநாளே குடியுரிமை கைக்கு வந்ததாகத் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

பேச்சு வழக்கில்தான் பெரும்பாலான கதைகள் கவிழ்கின்றன. மலையகக் குடும்பத்தின் வாயில் யாழ்ப்பாணத் தமிழைத் திணிப்பது ஒரு வகை. பையன் எல்லா இடத்திலும் எல்லோரிடமும் ‘ஓம், கதைக்கிறன்’ என்று பேசுவது இன்னொரு வகை. இங்கே பிறந்த பிள்ளை இரண்டு தமிழை வைத்திருக்கும். அம்மம்மாவிடம் ‘ஓம்’, வகுப்பில் ‘ஆமா மச்சான்’. வீட்டில் கொப்பி, பள்ளியில் நோட்டு. இந்த மாற்றம் தன்போக்கில் நடக்கிறவரை அதில் கதை இல்லை. பஸ்ஸில் நண்பர்கள் சூழ உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் போன் வருகிறது, அவரிடமும் ‘ஆமாம்மா’ என்று பதில் சொல்லிவிடுகிறான். அந்தப் பக்கத்தில் அம்மா ஒரு நொடி பேசாமல் இருக்கிறார். எனக்கு இந்த இடம் அக்கரையைப் பார்க்கும் பையனைவிடப் பல மடங்கு மேல்.

முகாம் வாழ்க்கையின் தாளம் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பு நாளில் வருவாய்த்துறை ஆட்கள் வருவார்கள், கியூ பிரிவு என்கிற உளவுப் போலீஸ் வரும், பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையில் கை வைக்கப்படும். 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய். பட்டம் முடித்துவிட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். அவர்களில் ஒருவன் வெளியூரில் பாதிச் சுவரில் நிற்கிறான், நாளைக்குக் கணக்கெடுப்பு, மேஸ்திரி விடமாட்டேன் என்கிறார். கதையின் இழுவிசைக்கு இதுவே போதும், வில்லன் தேவையில்லை.

சில்லறைத் தவறுகளும் உண்டு. சிறப்பு முகாம் வேறு, சாதாரண முகாம் வேறு. முன்னது ஆளை அடைத்து வைக்கும் இடம்; பின்னதில் இருப்பவர் வேலைக்கும் பள்ளிக்கும் வெளியே போய் வருகிறார். ஆதார் இருக்கும், ரேஷன் அரிசி வரும். குடியுரிமை இல்லாதவரை வாக்காளர் அட்டை இருக்காது. ‘மறுவாழ்வு முகாம்’ என்ற பெயர் 2021இல் வந்தது, 1995இல் நடக்கும் கதையின் பெயர்ப் பலகையில் அது இருக்க முடியாது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே மாதத்துக்கு முன்பும் பின்பும் அக்கம்பக்கத்தாரின் முகம் ஒன்றாக இருக்கவில்லை, அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முடிவைப் பற்றி ஒன்று. ஆண்டுவிழாவில் பையன் பாட, வகுப்பே எழுந்து கட்டிப்பிடிக்கிறது, அவன் ‘நம்மில் ஒருவன்’ ஆகிறான். இந்த முடிவு எனக்கு எரிச்சலைத் தருகிறது. வகுப்பு அவனை எப்போதோ ஏற்றுக்கொண்டிருக்கும். ஒரே சீருடை, ஒரே சத்துணவு, ஒரே கிரிக்கெட் டீம். வித்தியாசம் பிளஸ் டூ முடிந்ததும்தான் முளைக்கும். கூடப் படித்தவன் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குப் போவான், இவனால் முடியாது. நண்பர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்தப் படிவத்தை அவர்கள் நிரப்பித்தர முடியாது. நல்லவர்கள் மத்தியிலேயே ஒருவன் அந்நியனாக இருப்பதை எழுதிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

அனுப்புவதற்கு முன் முகாமில் வளர்ந்த ஒருவரிடம் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். ‘எந்த இடத்தில் சிரிப்பு வந்தது’ என்று கேளுங்கள். அப்படி ஒருவர்கூட உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், கதையை முகாமுக்குள்ளிருந்து சொல்ல வேண்டாம். வெளியே இருக்கும் வகுப்புத் தோழனின் கண்ணால் சொல்லுங்கள், அவனுக்குத் தெரியாதது கதையிலும் தெரியாததாகவே இருக்கட்டும்.