பொஸ்ரன் மச்சானுக்கு ஒரு பதில்

பொஸ்ரனில் இருக்கிற மச்சான் ஒருவனுக்கு எப்போதும் ஒரே பல்லவி. கல்லூரி ஐஸ் ஹொக்கியைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஊர் தன்னுடையதுதானாம். பெப்ரவரி வந்தால் பீன்பொட் கிண்ணம். ஹாவார்ட், நோர்த்ஈஸ்டர்ன், பொஸ்ரன் பல்கலைக்கழகம், பொஸ்ரன் கல்லூரி என்று நாலும் உள்ளூர் அணிகள். 1952இல் தொடங்கிய போட்டி. யார் தோற்றாலும் கிண்ணம் ஊரை விட்டுப் போகாது என்று வாட்ஸ்அப்பில் சிரிக்கிறான்.

சரி மச்சான். என் வாக்கு கிராண்ட் ஃபோர்க்ஸுக்குத்தான்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், அறுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான சனம் வாழும் ஊர். அங்குள்ள பல்கலைக்கழக ஹொக்கி அணியின் பழைய கோல் காப்பாளர் ரால்ஃப் எங்கல்ஸ்டாட், பிறகு கசினோ முதலாளியாகி, அங்கே ஒரு ஹொக்கி அரங்கு கட்டிக் கொடுத்தார். 2001இல் திறந்தார்கள். 11,000க்கு மேல் இருக்கைகள். அதாவது ஊரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒரு கதிரை! அயலூர்க்காரரும் வந்துதான் நிரப்புகிறார்கள் என்பாய். வரட்டுமே, பனிக்குள் கார் ஓட்டி வருகிறவனும் ஆதரவாளன்தானே. கிண்ணக் கணக்கை மட்டும் இழுக்காதே. அப்படிப் பார்த்தால் தேசியக் கிண்ணத்தைப் பத்துத் தடவைக்குக் குறையாமல் வென்ற டென்வர் பல்கலைக்கழகத்துக்கு நாம் இருவருமே கையைத் தூக்க வேண்டும்.

உன் ஊரில் புருயின்ஸ், செல்ரிக்ஸ், ரெட் சொக்ஸ் என்று பெரிய தொழில்முறை அணிகள் எல்லாம் இருக்கின்றன. கல்லூரி ஹொக்கி அங்கே நாலாவது கறி. கிராண்ட் ஃபோர்க்ஸில் சோறே அதுதான்.

இது எனக்கு எங்கே விளங்கியது தெரியுமா? நம்முடைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில். ஜப்னா கிங்ஸ் அணி நாலு தடவை எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) கிரிக்கெட் கிண்ணம் எடுத்தது, அதில் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. ஊர் கண்ணால் பார்த்தது, மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும், 1904இலிருந்து வருகிற வடக்கின் பெரும் சமரைத்தான். நான் மத்திய கல்லூரியும் இல்லை, பரியோவானும் இல்லை. ஆனாலும் மார்ச் வெயிலில் மூன்று நாளும் போய் நிற்கிறேன். போன முறை பக்கத்தில் ஒரு அம்மம்மா, குடைக்குள் இருந்து கச்சான் உடைத்தபடி, பந்து வீசிய பொடியனைத் திட்டிக்கொண்டே இருந்தார். பேரனா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி, எங்கட ஒழுங்கைப் பொடியன்.”

கொழும்பில் ரோயல் - தோமியன் பள்ளிக்கூட மட்ச் பார்க்கப் போகிறவனுக்கு அடுத்த மாதம் டெஸ்ட் மட்ச் இருக்கலாம். அந்த அம்மம்மாவுக்கு அடுத்தது அடுத்த மார்ச்தான்.

வா மச்சான், வந்து பார். கச்சான் என் செலவு.