கேள்வித்தாளிலேயே எழுதப்பட்டுவிடும் முடிவு

மேலாண்மையியல் பிஎச்டி சினாப்சிஸ்களை (ஆய்வுச் சுருக்கங்களை) வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. வாசிக்க வாசிக்க ஒரு கவலை கூடிக்கொண்டே போகிறது. கண்டிப்பான தலைமையா, அனுசரணையான தலைமையா? செலவைக் குறைப்பதா, தரத்தைக் கூட்டுவதா? விதிமுறையா, சுதந்திரமா? லாபமா, சமூக நலனா? தலைப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வருகின்றன. சில நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, ஒரு பக்கத்தை ஜெயிக்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் நிறுவனங்களுக்குப் பரிந்துரை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். சிப்காட்டில் கேட் கேட்டாகப் போய் நின்று, செக்யூரிட்டியிடம் கெஞ்சி, ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடிக்க ஓடுகிறவர்களை நிறுத்திப் பதில் வாங்குகிற பிள்ளைகள் இவர்கள். அந்த உழைப்பு வீணாகிறதே என்பதுதான் என் ஆதங்கம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் முடிவு தரவிலிருந்து வருவதில்லை. கேள்வித்தாள் அச்சாகும்போதே வந்துவிடுகிறது.

எப்படி என்று பாருங்கள். அண்மையில் பார்த்த ஒரு கேள்வித்தாளில் இப்படி ஒரு வரி: "உங்கள் மேலாளர் எதற்கு முன்னுரிமை தருகிறார்?" இடது ஓரத்தில் 'வேலை முடிவது'. வலது ஓரத்தில் 'ஊழியர் நலன்'. நடுவில் 1 முதல் 5 வரை கட்டங்கள். வேலையையும் முடித்து, ஆட்களையும் நன்றாகக் கவனித்துக்கொள்ளும் ஒரு மேலாளரிடம் வேலை பார்ப்பவர் எங்கே டிக் அடிப்பார்? 3-ல். இரண்டிலும் அக்கறையே இல்லாத மேலாளரின் கீழ் இருப்பவர்? அவரும் 3-ல்தான். ஆகச் சிறந்தவரும் ஆக மோசமானவரும் ஒரே கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் எந்தப் புள்ளியியல் முறையைக் கொண்டுவந்தாலும் இவர்களைப் பிரித்தெடுக்க வழியே கிடையாது.

இது பழைய பாடம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1940-களின் பிற்பகுதியிலும் 50-களிலும் தலைமையை ஆராய்ந்தவர்கள், ஆட்கள்மீது காட்டும் அக்கறையைத் தனியாகவும் வேலையை ஒழுங்குபடுத்தித் தரும் திறனைத் தனியாகவும் அளந்தார்கள். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று தெரிந்தது. எம்பிஏ முதல் செமஸ்டரிலேயே இதை நாமே நடத்துகிறோம். ஆய்வு என்று உட்கார்ந்ததும் அது எங்கோ போய்விடுகிறது.

நிறுவனங்களை ஆராய்ந்த அறிஞர் ஜேம்ஸ் மார்ச் 1991-ல் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டாத ஆய்வேடு இன்று அபூர்வம். புதியதைத் தேடுவதும், கையில் இருப்பதைச் செம்மையாகப் பயன்படுத்துவதும் ஒரே பணத்துக்கும் ஒரே ஆட்களுக்கும் போட்டி போடுகின்றன என்றார் அவர். ஒரு ஆள், ஒரு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால் போட்டிதான், மறுக்க முடியாது. ஒரு நிறுவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டால்? 2006-ல் குப்தா, ஸ்மித், ஷாலி மூவரும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்தார்கள். எந்த மட்டத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகளாகவும் இருக்கலாம், தனித்தனிக் கோடுகளாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள். மார்ச்சை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு இந்தக் கட்டுரையை நம் பிள்ளைகள் காட்டுவதில்லை.

'அதுவா இதுவா' என்பதைத் தாண்டி ஆய்வு செய்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நான் காட்டுவது கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த கார் ஆலையை. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) அதை 1982-ல் இழுத்து மூடியது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது அங்கே சாதாரணம். தரம் மோசம், நிர்வாகத்துக்கும் யூனியனுக்கும் ஓயாத சண்டை. 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டு சேர்ந்து 'நூமி' என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளிகள். யூனியனும் அதேதான். 1986 முடிவதற்குள் உற்பத்தித்திறனில் ஜிஎம்மின் மற்ற ஆலைகள் எல்லாவற்றையும் அது தாண்டிவிட்டது. வேலைக்கு வராதவர்கள் 3, 4 சதவீதமாகக் குறைந்தார்கள்.

நம் பாடப்புத்தகப்படி இதற்குக் காரணம் விதிமுறைகளைத் தளர்த்தித் தொழிலாளிக்குச் சுதந்திரம் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆலையை விரிவாக ஆராய்ந்து 1993-ல் எழுதிய மேலாண்மை ஆய்வாளர் பால் ஆட்லர் கண்டது வேறு. விதிமுறைகள் முன்பைவிட இறுகியிருந்தன. எந்தக் கையால் எந்த போல்ட்டை எடுப்பது, எத்தனை நொடியில் முடுக்குவது என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். தொழிலாளியின் வேலையை நொடிக்கணக்கில் அளக்கச் சொன்ன டெய்லர் காலத்து ஸ்டாப்வாட்ச் போன இடம் தெரியாமல் போகவில்லை, தொழிலாளியின் கைக்கு மாறியிருந்தது! குழுவில் இருப்பவர்களே ஒருவர் வேலையை இன்னொருவர் நேரம் பார்த்து, எது வேகம், எது உடம்புக்கு நல்லது என்று பேசி, முறையை எழுதினார்கள். மறுமாதம் அதைவிட நல்ல வழி தெரிந்தால் அவர்களே திருத்தினார்கள். கோளாறைக் கண்டால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். தீராவிட்டால் லைன் நிற்கும். 1988 வாக்கில் விற்பனை படுத்தபோதுகூட ஆட்குறைப்பு செய்யவில்லை, உபரியாக இருந்தவர்களைப் பயிற்சிக்கும் முறைகளைச் சீர்செய்யும் வேலைக்கும் அனுப்பினார்கள். வேலையை வேகமாக முடிக்கும் வழியைச் சொன்னால் நம் வேலையே போய்விடும் என்ற பயம் இருந்திருந்தால் ஸ்டாப்வாட்ச்சை யார் கையில் எடுப்பார்கள்?

விதிகள் அதிகமா குறைவா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு போயிருந்தால் இதில் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. 1996-ல் ஆட்லரும் பிரையன் போரிஸும் கேள்வியையே மாற்றினார்கள். விதியை யார் எழுதுகிறார்கள், வேலை செய்பவருக்கு அது கைகொடுக்கிறதா அல்லது அவரை அடக்கிவைக்கிறதா என்று கேட்டார்கள். விதிமுறை மிகுந்த ஒரு அரசு அலுவலகத்தையும் நூமியையும் பிரித்துப் பார்க்கும் கண் அந்தக் கேள்வியால்தான் கிடைக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'இரண்டும் வேண்டும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் அதே அளவு சோம்பேறித்தனம்தான். இப்போது கருத்தரங்குகளில் இது ஒரு மோஸ்தராகி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. நூமியில் 1993-ம் ஆண்டுக்கான புதிய மாடல் வந்தபோது கை, மணிக்கட்டு, முதுகு வலி என்று காயங்கள் கூடின. கலிபோர்னியா மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்புத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆட்லரும் அவருடைய சகாக்களும் அதையும் மூடி மறைக்காமல் 1997-ல் தனிக் கட்டுரையாக எழுதினார்கள். எங்கே இரண்டும் சேர்ந்து நின்றது, எங்கே ஒன்று இன்னொன்றின் விலையைக் கட்டியது, அந்த விலை யாருடைய உடம்பிலிருந்து போனது என்றெல்லாம் பார்ப்பதுதான் ஆய்வு.

மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-ல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் கதையைச் சொல்கிறார். மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிக்காரர்களுக்கும் கீழிருந்து ஏறி வருபவர்களுக்கும், யார் முதலில் கேன்களை இறக்குவது என்று தகராறு. சங்கமே உடையும் நிலை. ஆளுக்கு ஒரு நாள் முறை என்று பிரித்துக் கொடுத்திருந்தால் இரு தரப்புக்கும் பாதி மனக்குறை. இறக்கும் மேடையின் இடத்தை மாற்றினார்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்க முடிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் சமரசத்தை அவர் தீர்வாகவே ஒப்புக்கொள்ளவில்லை. நூறு வருஷம் ஆகிறது. நம் பிள்ளைகள் மேடையைப் போய்ப் பார்க்காமல், மேலிருந்து வருபவரா கீழிருந்து வருபவரா என்று சர்வே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-லேயே பாடம் எழுதிவிட்டது. இங்கே இன்னும் 'சேவையா, வியாபாரமா' என்று கட்டுரைத் தலைப்பு வைக்கிறார்கள். கட்டணம் செலுத்துபவருக்கும் இலவசமாக வருபவருக்கும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறி அறுவை செய்கிறார்கள். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்தத் தயாரிப்பு முழுவதையும் அவர்கள் கையில் விட்டிருக்கிறார்கள். கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். அங்கே இலவச நோயாளிகள் கூடுவதால்தான் மருத்துவரின் கை பழகுகிறது, செலவும் இறங்குகிறது. லாபத்தையும் சேவையையும் ஒரே கோட்டின் இரண்டு முனைகளில் வைத்து அளந்தால் இந்த ஏற்பாடு எந்தக் கட்டத்தில் விழும்?

ஆய்வு முறையிலும் இதே சண்டை நடக்கிறது. எண்ணா, கதையா என்று துறைக்குள்ளேயே இரண்டு கட்சி. நூமி ஆய்வில் நேர்காணலும் இருந்தது, காயக் கணக்கும் இருந்தது.

வழிகாட்டிகளிடமும், சினாப்சிஸ் குழுவில் இருக்கும் நண்பர்களிடமும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு விஷயங்களைத் தனித்தனி ஸ்கேலில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் உயர்ந்து நிற்பவர்களை விதிவிலக்கு என்று சொல்லித் தரவிலிருந்து தூக்கி எறியாமல், அவர்களைத் தேடிப் போகச் சொல்லுங்கள். செலவும் குறைவாக, தரமும் உயர்வாக ஓடுகிற நான்கு பட்டறைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அங்கே விதியை யார் எழுதுகிறார்கள், லைனை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாருக்கு முதுகு வலிக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்று ஒரு மாணவி வந்து நின்றால், சாம்பிள் சைஸ் போதாது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.