செப்டம்பர் 24-ஐ ஒரே ஆல்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 24 வந்தால் என் டைம்லைன் முழுக்க அந்தக் குழந்தைதான். நீல நிற நீச்சல் குளம், தூண்டில் முள்ளில் ஒரு டாலர் நோட்டு, அதைப் பார்த்து நீந்தி வரும் கைக்குழந்தை. "நெவர்மைண்ட் வெளியான நாள்" என்று ஒரு வரி, கீழே வரிசையாக இதயங்கள். அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் ஆல்பம் அது, அந்தக் குழந்தை அதன் உறைப் படம். அந்த ஆல்பம் எனக்கும் உயிர். ஆனால் 1991-ல் அந்தச் செவ்வாய்க்கிழமை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது அது ஒன்றுதானா? இதைப் பல நாளாக எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதெல்லாம் அமெரிக்காவில் புது ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமைதான் வரும். வெள்ளிக்கு மாறியது 2015-ல். அந்த ஒரே செவ்வாயில் நிர்வாணாவின் நெவர்மைண்ட், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக், ஹிப்ஹாப் பக்கம் எ ட்ரைப் கால்டு க்வெஸ்டின் தி லோ எண்ட் தியரி, அப்புறம் பிக்ஸிஸின் ட்ரோம்ப் லெ மோண்ட். கடைசியாகச் சொன்னது பிரிட்டனில் முந்தின நாளே வந்துவிட்டது. நான்கும் ஒரே நாளில் ஒரே கடை அலமாரியில்!

அன்றைக்கு யாரும் நிர்வாணாவைப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அதற்கு முந்தின செவ்வாய்தான் பெரிய ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோஸஸின் யூஸ் யுவர் இல்யூஷன் இரண்டு பாகங்களும் வந்திருந்தன. அவற்றுக்காக நள்ளிரவில் கடைகளைத் திறந்து வைத்தார்கள், அமெரிக்க ஆல்பம் விற்பனையைக் காட்டும் பில்போர்ட் பட்டியலில் முதல் இரண்டு இடங்களும் அவர்களுக்குத்தான். நெவர்மைண்டுக்கு அதை வெளியிட்ட டிஜிசி நிறுவனம் அமெரிக்காவில் முதலில் அனுப்பியது வெறும் 46,251 பிரதிகள். பட்டியலில் நுழைந்தபோது அதன் இடம் 144. 1992 ஜனவரி 11 அன்று அது மைக்கேல் ஜாக்சனின் டேஞ்சரஸைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பட்டியல் பார்கோடு கணக்குக்கு மாறியே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு, எது நன்றாகப் போகிறது என்று கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் பட்டியல் போடுவார்கள். பழைய முறையே தொடர்ந்திருந்தால் இந்த ஏற்றம் இவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் பிக்ஸிஸ்.

பாஸ்டனில் 1986-ல் தொடங்கிய குழு. பிளாக் ஃபிரான்சிஸ் கத்துவார், கிம் டீல் பேஸ் கிட்டார் வாசிப்பார். சரணத்தில் பேஸும் ட்ரம்ஸும் மட்டும் அமைதியாக நடந்து போகும். பல்லவி வந்ததும் கிட்டார்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். அவர்களுடைய ஆல்பங்களான 1988-ன் சர்ஃபர் ரோசாவையும் 1989-ன் டூலிட்டிலையும் கேட்டுப் பாருங்கள், இந்த விளையாட்டு முழுக்க அங்கே இருக்கிறது. இப்போது நெவர்மைண்டின் முதல் பாட்டான ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்டுக்கு வாருங்கள். ஆரம்பத்தில் கிட்டார், பிறகு மொத்தக் குழுவும் ஒரே வெடி. சரணம் வந்ததும் எல்லாம் விலகிக்கொள்ளும். கிறிஸ்ட் நோவோசெலிக்கின் பேஸ் மட்டும் பாட்டைத் தோளில் சுமந்து நடக்கும், மேலே பாடகர் கர்ட் கோபேனின் கிட்டாரிலிருந்து இரண்டே இரண்டு ஸ்வரங்கள் சொட்டும். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவிலிருக்கும் காலியிடம் நன்றாகத் தெரியும். அந்தக் காலியிடம் பிக்ஸிஸிடம் கற்றது.

நான் அவதூறு சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கர்ட் இதை 1994-ல் வெளியான ரோலிங் ஸ்டோன் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டை எழுதும்போது தான் பிக்ஸிஸைக் காப்பியடிக்கத்தான் முயன்றதாக ஒத்துக்கொண்டார். அந்தக் குழுவிலேயே தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியதாகவும் சொன்னார். உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடும்போது ஒருவர் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய மனசு! அவரை நேசிக்கிறோம் என்று சொல்லும் நாம், அவர் கைகாட்டிய திசையில் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா?

நெவர்மைண்டில் கடன் வேறு இடங்களிலும் இருக்கிறது. 1991 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸில், சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் பதிவு. தயாரிப்பாளர் புட்ச் விக். பாடியதையே இன்னொரு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கலாம் என்று விக் சொன்னால் கர்ட்டுக்குப் பிடிக்காது. பீட்டில்ஸின் ஜான் லெனன் அப்படித்தான் செய்தார் என்றதும் ஒத்துக்கொண்டாராம். கடைசிப் பாட்டு சம்திங் இன் தி வே சரியாக வரவே இல்லை. விக்குக்குப் பாடிக் காட்டுவதற்காகக் கன்ட்ரோல் ரூம் சோஃபாவில் சாய்ந்துகொண்டு, காதில் விழுந்தும் விழாத குரலில் கர்ட் பாடியிருக்கிறார். விக் உடனே ஏசியை அணைத்தார், ஃபோன் வயரைப் பிடுங்கினார், மைக்கை சோஃபாவுக்கே கொண்டுவந்தார். அந்தக் கிட்டாரின் சுருதியும் ஒழுங்காக இல்லை, பிறகு வந்த செல்லோ அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடித்து நொறுக்கும் ட்ரம்மர் டேவ் க்ரோல் அந்தப் பாட்டில் பூனை நடை போடுகிறார். இந்த ஆல்பத்தில் நான் அதிகம் கேட்பது இதைத்தான்.

அதே அலமாரியில் இருந்த ட்ரைப்பின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசித்தவர் ரான் கார்ட்டர். 60-களில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தவர். பழைய ஜாஸ் தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பாட்டு கட்டிய இளைஞர்கள், அந்த ஜாஸ் மேதையையே நேரில் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யாரிடமிருந்து எடுக்கிறோமோ அவர் பெயர் உறையில் வரட்டும் என்ற அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆல்பம் வந்த நான்காம் நாள், செப்டம்பர் 28, மைல்ஸ் டேவிஸ் இறந்துபோனார்.

சில்லி பெப்பர்ஸ் பற்றி ஒன்று மட்டும். அண்டர் தி பிரிட்ஜ் என்ற பாட்டு பாடகர் ஆண்டனி கீடிஸ் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒளித்து வைத்திருந்த கவிதை. இது நம் குழுவுக்கு ஒத்துவராது என்று அவர் தயங்கினார், தயாரிப்பாளர் ரிக் ரூபின்தான் குழுவிடம் காட்டச் சொல்லி வற்புறுத்தினார். அந்தப் பாட்டின் முடிவில் கேட்கும் கூட்டுக்குரலில் கிட்டாரிஸ்ட் ஜான் ஃப்ருஷியாண்டேயின் அம்மாவும் அவருடைய தோழிகளும் பாடியிருக்கிறார்கள். மகனுக்கு அப்போது 21 வயதுகூட நிரம்பியதோ இல்லையோ. 1992-ல் அது அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

பிக்ஸிஸுக்கு இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. தங்களிடம் கற்றவர்கள் உச்சிக்குப் போன அந்த 1992-ல், அவர்கள் யூ2-வின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1993 தொடக்கத்தில் குழு உடைந்தது. மறுபடி ஒன்றாக மேடையேறியது 2004-ல்தான். விற்பனையை வைத்துப் பார்த்தால் நெவர்மைண்டை நினைவுகூர்வதே நியாயம் என்பார்கள். விற்பனைதான் அளவுகோல் என்றால் முந்தின வாரத்து கன்ஸ் அண்ட் ரோஸஸோடு நாம் நின்றிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளை ஞாபகம் வைத்துக் கொண்டாடுகிறோம் என்றால், அதில் கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

ஆகவே இந்த வருஷம் அந்தக் குழந்தையின் படத்தைப் பகிருங்கள், தாராளமாக. கூடவே ட்ரோம்ப் லெ மோண்டையும் ஓடவிடுங்கள். 15 பாட்டு, மொத்தம் 39 நிமிடம்தான். எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் அலெக் ஐஃபல் என்பேன். ஐஃபல் கோபுரத்தைக் கட்டியவரைப் பற்றிய பாட்டு, மூன்று நிமிடம்கூட இல்லை. கேட்டுவிட்டு வந்து கமென்ட்டில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.