தோட்டம் பொறுமையைத்தான் கத்துக்கொடுக்குதா?

செடி வளர்த்தா பொறுமை வரும், மனசு அமைதியாகும்னு ஆளாளுக்கு எழுதுறாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லங்க. பொறுமையை எந்தக் க்யூவுல நின்னாலும் கத்துக்கலாம். தோட்டம் கை வைக்கிறது வேற இடத்துல, "நான்தான் இதை வளர்க்குறேன்"ங்கிற நெனப்புல.

தண்ணி ஊத்துறதையே எடுத்துக்கோங்க. மண்ணுல இருக்குற சின்னச் சின்ன இடைவெளில காத்து இருக்கணும், வேர் அதுலதான் மூச்சு விடுது, நாம ஊத்தி ஊத்தி அந்த இடம் பூரா தண்ணி நின்னுட்டா வேர் அழுகிடும், அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது, அதனால இலை வாடும், ஐயோ வாடிருச்சேன்னு பதறி இன்னொரு சொம்பு ஊத்துவோம். பாசம்தான், இல்லைங்கல. ஆனா அந்தத் தண்ணி செடிக்கா, நம்ம பதட்டத்துக்கா? மண்ணுல விரலை விட்டுப் பார்த்து, உள்ள ஈரம் இருந்தா எதுவும் செய்யாம திரும்பி வரணும். கண்ணை மூடி உக்கார்ற தியானத்தை விட எனக்கு இது கஷ்டம். (பிள்ளை வளர்க்குறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.)

அப்புறம் நெருக்கமா முளைச்ச முள்ளங்கி நாத்துல பலதைப் பிடுங்கி எறியணும். நோய் இல்ல, குறை இல்ல, நல்லாத்தான் இருக்கும். ஆனா எல்லாத்தையும் விட்டு வச்சா எதுவுமே ஒழுங்கா கிழங்கு வைக்காது. எதுக்கும் நோ சொல்லத் தெரியாத ஆளுங்களுக்கு இந்த வேலை நெஜமாவே வலிக்கும், வலிக்கட்டும்.

பிடுங்கினது நேரா உரக்குவியலுக்குப் போகும். காஞ்ச இலை, பச்சைக் கழிவு, கொஞ்சம் ஈரம், நடுவுல காத்து, இது சரியா அமைஞ்ச பெரிய குவியல்னா உள்ள 55, 60 டிகிரி வரை சூடேறும், எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க பண்ற வேலை. செத்ததுன்னு நாம தூக்கிப் போட்ட இடத்துல அவ்வளவு உயிர் இருக்கு. மறுபிறவி உண்டா இல்லையான்னு கமெண்ட்ல சண்டை போடுறவங்க ஒரு தடவை அந்தக் குவியலைக் கிளறிப் பார்க்கலாம். சாமி கும்பிடுறவங்களா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல.

காய் காய்ச்சதும் "என் தோட்டத்துப் பூசணி"ன்னு போட்டோ போடுறோம்ல, போடுங்க, நானும் போடுவேன். ஆனா பூசணில ஆண் பூ வேற, பெண் பூ வேற, தேனீ மாதிரி ஏதாவது வந்து மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கலேன்னா பிஞ்சு வெம்பி விழுந்துடும். லைக் மட்டும் நமக்கு. தேனீயை டேக் பண்ண முடியாதுல்ல.