திரையில் 30, டம்ளரில் 24

சோப்பு லிக்விட் மாதிரியானவற்றைத் தானாக அளந்து ஊற்றித் தரும் டிஸ்பென்சர் மெஷின் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பட்டனைத் தொட்டால் கேட்ட மி.லி. கச்சிதமாக விழும், மூடியில் ஊற்றி அளக்கிற தொல்லை இனி இல்லை என்கிறது கட்டுரை. பாதிதான் உண்மை. வீட்டு உபயோகத்துக்கு வரும் பல மெஷின்கள் திரவத்தை அளப்பதே இல்லை. மோட்டார் எத்தனை விநாடி ஓடியது என்பதைத்தான் கணக்கு வைக்கின்றன. தண்ணியாக இருப்பதும் கொழகொழவென்று இருப்பதும் அதே விநாடியில் ஒரே அளவு வருமா?

துணி துவைக்கிற லிக்விடுக்கு நான் ஒன்று வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் அழுக்கு சரியாகப் போகவில்லை. சந்தேகப்பட்டு டம்ளரை டிஜிட்டல் தராசில் வைத்துப் பிடித்தேன். சோப்பு லிக்விட் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், 30 மி.லி. என்றால் 30 கிராமுக்குக் குறையக் கூடாது. வந்தது 24! குளிரில் லிக்விட் இறுகிவிட்டது, மோட்டாருக்கு அது தெரியாதே. இப்போது பாட்டில் மாற்றும்போதெல்லாம் ஒரு தடவை எடை போட்டு, செட்டிங்கை மாற்றிக்கொள்கிறேன்.

ரோலர் உருண்டு குழாயை நசுக்கித் தள்ளுகிற பம்ப் இருந்தால் தேவலாம், திரவம் மோட்டார் பக்கமே போகாது. ஆனால் நாளாக ஆகக் குழாய் தளர்ந்து அளவு இறங்கும்.

கட்டுரையில் உள்ள 'எல்லா லிக்விடுக்கும் ஒரே மெஷின் போதும்' என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிளீச் இருந்த டப்பாவில் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை.