ஓசிடி என்பது சுத்தக்காரர்களின் குணம் இல்லைங்க

ஈரோடு, கோபி பக்கத்து வாட்ஸப் குழுக்களில், ஓசிடி (Obsessive Compulsive Disorder) என்ற மனநலப் பிரச்சினை பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "ஓசிடி நோயே அல்ல, அதிகச் சுத்தம் பார்க்கும் பழக்கம், மனதை அடக்கினால் போய்விடும், மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவீர்கள்." மூன்றுமே தவறு.

சுத்தம் பிடிப்பது வேறு. ஓசிடியில் வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து பதற வைக்கும், அந்தப் பதற்றம் தணிய ஏதோ ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் போலிருக்கும், செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் அதே எண்ணம். தோட்டத்து மோட்டாரை நிறுத்தினோமா என்று இருட்டில் பத்துத் தடவை போய்ப் பார்க்கிறவருக்கும் இது இருக்கலாம், மாரியம்மன் சன்னதியில் அசிங்கமான நினைப்பு வந்து யாரிடமும் சொல்ல முடியாமல் குமைகிறவருக்கும் இருக்கலாம். பெற்ற குழந்தைக்குத் தானே கெடுதல் செய்துவிடுவோமோ என்று நடுங்கும் தாய்மார்களும் உண்டு. அது அவர்களின் ஆசை அல்ல, அவர்களை வதைக்கும் பயம். அர்த்தமில்லாதது என்று பெரும்பாலோருக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடிவதில்லை, அடக்க அடக்க அதிகமாகத்தான் வரும்.

ஓசிடி உள்ளவர்களுக்கு மூளையின் முன்பகுதியையும் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரியாட்டம், தலாமஸ் பகுதிகளையும் இணைக்கும் நரம்புச் சுற்று மிகையாக இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரம்பரைக்கும் பங்குண்டு.

சரி, மாத்திரை? ஓசிடிக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் போதைப் பழக்கமாவதில்லை. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், பத்தே நாளில் விட்டுவிடாதீர்கள். நிறுத்துவதும் டாக்டர் சொல்படி மெல்ல மெல்லத்தான். பயத்தை எதிர்கொண்டு, பதற்றம் தணியச் செய்கிற அந்தச் செயலைச் செய்யாமல் பழகும் சிகிச்சையும் அதே அளவு முக்கியம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.