சான்றிதழ் மட்டும் போதாது
‘திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ் இருந்தால் கத்தோலிக்கப் பள்ளியில் இடம் உறுதி’ என்று பள்ளிச் சேர்க்கை பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு ஆண்டுகள் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் சேர்க்கைக் குழுவில் இருந்தவன் நான். இடங்களைவிட விண்ணப்பங்கள் குறைவு என்றால் அந்தச் சான்றிதழை நாங்கள் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. விண்ணப்பங்கள் மிஞ்சும்போதுதான் வரிசை வைப்போம்: பங்கை, அதாவது அந்தப் பகுதித் தேவாலயத்தைச் சேர்ந்த பிள்ளை, அக்காளோ அண்ணனோ அங்கேயே படிக்கும் பிள்ளை, பிறகு வீட்டின் தொலைவு. தலைவலி கொடுத்தது, குடும்பம் பங்கைச் சேர்ந்தது என்று அந்தத் தேவாலயக் குருவான பங்குத்தந்தை தரும் கடிதம்தான். சேர்க்கைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே சில குடும்பங்கள் ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு கடிதத்தில், ‘இக்குடும்பத்தை அண்மைக் காலமாக நன்கு அறிவேன்’ என்று பங்குத்தந்தை எழுதியிருந்தார். ‘அண்மைக் காலமாக’ என்பதன் கீழே பென்சிலால் ஒரு கோடு! பிற மதத்தவரைச் சேர்ப்பது கொள்கைக்கே முரண் என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையே, கத்தோலிக்கர் அல்லாதவரும் படிக்கும் பள்ளிகளைத் திருச்சபை பெரிதும் மதிப்பதாகச் சொல்கிறது. ஏழைகளையும் குடும்ப அரவணைப்பு இல்லாதவர்களையும் கவனிக்கவும் சொல்கிறது. எங்கள் வரிசையில் ஏழைக்கென்று ஓர் இடம்கூட இல்லை. அதைப் பற்றிக் கேட்டேன், கூட்டம் தேநீருக்குக் கலைந்தது.